மாரத்தான் படபடப்பு: மூச்சா, உற்சாகமா, தாளில் எழுதிய நான்கு வரியா?

முதல் முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, கடைசி வாரத்தில் வயிற்றில் புளியைக் கரைக்க உட்கார்ந்திருப்பவருக்கு ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. மூச்சை ஆழமாக இழுத்து விடு என்பார் ஒருவர். பயத்தை உற்சாகமாக மாற்றிக்கொள் என்பார் இன்னொருவர். அதைப் பற்றி நினைக்கவே நினைக்காதே, ஏதாவது படம் பார் என்பார் வீட்டில் இருப்பவர். பதறாத காரியம் சிதறாது என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஏற்கெனவே பதறிக்கொண்டிருப்பவருக்கு அதனால் என்ன பயன் என்று எனக்குப் புரிந்ததில்லை.

இவை எல்லாமே ஏதோ ஓர் இடத்தில் சரியானவைதான். சிக்கல் என்னவென்றால், ஒன்றுக்கொன்று முரணானவை. அடங்கு என்பதையும் பொங்கு என்பதையும் ஒரே காலையில் ஒரே உடம்புக்குச் சொல்ல முடியாது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும், தேர்ந்தெடுக்க ஓர் அளவுகோல் வேண்டும்.

பெரும்பாலோர் வைத்துக்கொள்ளும் அளவுகோல், எது என் படபடப்பைக் குறைக்கும் என்பது. மாரத்தானுக்கு அது தவறான அளவுகோல் என்பது என் கட்சி. 42.195 கிலோமீட்டர் ஓட்டத்தில் படபடப்பு தொடக்கக் கோட்டில் யாரையும் வீழ்த்துவதில்லை. அங்கே கைகால் நடுங்கியவர்களும் ஓடத்தான் செய்கிறார்கள். அது கெடுப்பது முதல் ஐந்து கிலோமீட்டரை. பயந்த உடம்பு வேகமாக ஓடும். அந்த வேகம் அப்போது வேகமாகவே தெரியாது. இன்று கால்கள் நன்றாக இருக்கின்றன என்றுதான் தோன்றும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலரை மணி நேரத்தில் முடிக்க நினைப்பவர் சராசரியாக ஒரு கிலோமீட்டரை 6 நிமிடம் 24 வினாடியில் கடக்க வேண்டும். படபடப்பில் முதல் ஐந்து கிலோமீட்டரை 5:50 வேகத்தில் ஓடிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைத்த லாபம் மொத்தமே 2 நிமிடம் 50 வினாடி. ஆனால் வேகம் கூடக்கூட உடம்பு கொழுப்பை விட்டுவிட்டு, தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பை அதிகமாக எரிக்கும். அந்தச் சேமிப்பு அளவானது. அது தீர்ந்துபோகும் இடம் பலருக்கு முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு வருகிறது. ஓட்டக்காரர்கள் சுவரில் மோதுவது என்று சொல்வது இதைத்தான். அங்கே கடைசிப் பத்து கிலோமீட்டரில் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் போனால் பத்து நிமிடம் நஷ்டம். நடக்கத் தொடங்கிவிட்டால் இன்னும் மோசம்.

ஆகவே நான் கேட்கும் கேள்வி வேறு: எந்த வழி என் முதல் ஐந்து கிலோமீட்டரை மெதுவாக வைத்திருக்கும்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால் புகழ்பெற்ற சில வழிகள் கீழே இறங்கிவிடுகின்றன, யாரும் பெரிதாகப் பேசாத சில மேலே வருகின்றன.

அதற்கு முன், படபடப்பே இரண்டு வகை என்பதைச் சொல்லிவிட வேண்டும். விளையாட்டு உளவியலில் உடம்பின் பதற்றத்தையும் மனத்தின் பதற்றத்தையும் தனித்தனியாகவே அளக்கிறார்கள். நெஞ்சு அடித்துக்கொள்வது, உள்ளங்கை வியர்ப்பது, வாய் வறள்வது, நான்காவது முறையாகக் கழிப்பறையைத் தேடுவது ஆகியவை முதல் வகை. இருபத்தெட்டாவது கிலோமீட்டரில் விழுந்துவிட்டால் என்ன செய்வது, அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டோமே என்று ஓடிக்கொண்டிருப்பது இரண்டாம் வகை. முதல் வகை, ஓட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். இரண்டாம் வகை அடங்காது, கூடவே ஓடிவரும்.

சென்னை மாரத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் நடப்பது. முழு தூரம் ஓடுபவர்களுக்கு விடியற்காலை நான்கு மணி வாக்கில் நேப்பியர் பாலத்தருகே தொடக்கம். அதற்காக இரண்டு மணிக்கே எழுந்து, இருட்டில் ஒரு வாழைப்பழத்தை மென்று, பனியனில் எண் அட்டையைக் குத்திக்கொண்டு வந்து நிற்பவர்களைப் பார்த்தால் இரண்டு வகையினரையும் அடையாளம் கண்டுகொள்ளலாம். உடம்பு பதறுபவர் நடமாடும் கழிப்பறை வரிசையில் நின்றுகொண்டு காலை மாற்றி மாற்றி வைப்பார், ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுவார். மனம் பதறுபவர் ஓரமாக அசையாமல் நிற்பார். கைக்கடிகாரத்தின் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார், அதில் எதையும் படிக்க மாட்டார். வைத்தியம் ஒன்றே என்று இருவருக்கும் சொன்னால் ஒருவருக்காவது அது வேலை செய்யாது.

மூச்சுப் பயிற்சியிலிருந்து தொடங்கலாம். நான்கு எண்ணும் நேரம் உள்ளே இழுத்து, ஆறு அல்லது எட்டு எண்ணும் நேரம் வெளியே விடுவது. வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்று இறங்குகிறது. செலவில்லை, பக்க விளைவில்லை, ஐந்து நிமிடத்தில் பலன் தெரியும். உடம்பு பதறுபவருக்கு, முந்தைய இரவு படுக்கையிலும் காலையில் அந்தக் கழிப்பறை வரிசையிலும் இதைவிடச் சிறந்தது இல்லை. வயிறு கலக்குவதும் பயத்தின் வேலைதான்: பயம் வரும்போது சுரக்கும் ஹார்மோன்கள் பெருங்குடலை முடுக்கிவிடுகின்றன. இதைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பேருக்கு, இரவு சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லையோ என்ற இரண்டாவது பயம் போய்விடும்.

ஆனால் என் அளவுகோலில் மூச்சுக்கு மதிப்பெண் குறைவு. அது அடக்குவது, எப்படியும் தானாக அடங்கப்போகிற பதற்றத்தை. கூட்டம் நகரத் தொடங்கியதும் யாரும் நான்குக்கு எட்டு என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது. நாடித் துடிப்பு காட்டும் கடிகாரம் கட்டியிருப்பவர்களுக்கு இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. நிற்கும்போதே 110 காட்டுகிறதே என்று பார்த்து, அதை இறக்க மூச்சு விட்டு, இறங்கவில்லையே என்று மேலும் பதறி, அது 115 ஆவதைப் பார்ப்பது. தொடக்கத்துக்கு முன் அந்தத் திரையை மாற்றி வைத்துவிடுவது நல்லது.

அடுத்தது, இணையத்தில் இப்போது மிகவும் செல்வாக்கோடு இருக்கும் வழி: பயமாக இருக்கிறது என்று சொல்லாதே, உற்சாகமாக இருக்கிறது என்று சொல்லிக்கொள். இது வெறும் மேடைப் பேச்சு அல்ல. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படை. பாடச் சொன்னார், மேடையில் பேசச் சொன்னார், கணக்குப் போடச் சொன்னார். உற்சாகமாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டவர்கள், அமைதியாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள முயன்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். காரணமும் ஏற்கத்தக்கது. பயமும் உற்சாகமும் உடம்பைப் பொறுத்தவரை ஒரே கொதிநிலை. நெஞ்சு ஒரே மாதிரிதான் அடிக்கிறது. அந்தக் கொதிநிலையிலிருந்து அமைதிக்கு இறங்குவது கடினம், பெயரை மட்டும் மாற்றுவது எளிது.

எல்லாம் சரி. ஆனால் பாடுவதும் பேசுவதும் கணக்குப் போடுவதும் எவ்வளவு நேரம்? சில நிமிடங்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடுகிற வேலைக்குக் கொதித்த உடம்பு உதவும். நாலரை மணி நேர வேலைக்கு? உற்சாகமாக இருக்கிறேன், உற்சாகமாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, பறை முழங்க, ஒலிபெருக்கியில் ஒருவர் பத்திலிருந்து கீழே எண்ண, ஆயிரக்கணக்கானவர்களோடு கடற்கரைச் சாலையில் இறங்குபவர் முதல் கிலோமீட்டரை எந்த வேகத்தில் ஓடுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர் ஓட்டங்களுக்கு இந்த வழியைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். அங்கே தொடக்கத்திலேயே கொஞ்சம் நெருப்பு தேவை. முழு மாரத்தானில் இதை வைத்துக்கொள்ள வேண்டிய இடம் முப்பதாவது கிலோமீட்டர். அங்கே கொதிக்க எதுவும் மிச்சமிருக்காது, கொஞ்சம் கிடைத்தால் நல்லது.

நினைக்காதே என்ற ஆலோசனைக்கு வருவோம். இதுதான் அதிகமாகச் சொல்லப்படுவது, மிகக் குறைவாகப் பலன் தருவதும் இதுதான். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லி, மணியை வைத்துக்கொண்டு நினைக்கும்போதெல்லாம் அடிக்கச் சொன்ன டேனியல் வெக்னரின் 1987 சோதனை பிரபலமானது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. நினைப்பைத் துரத்த முடியாது, அதன் இடத்தில் வேறு ஒன்றை உட்கார வைக்கத்தான் முடியும். பக்கத்தில் நிற்பவரிடம் ஊர் எது என்று கேட்டுப் பேச்சுக் கொடுப்பது அந்த வகை, நல்ல வகை. ஓடும்போதும் பேச முடிகிறது என்றால் வேகம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் என்பதால் இதற்கு என் அளவுகோலில் கூடுதல் மதிப்பெண். காதில் குத்துப்பாட்டு அதற்கு நேர் எதிர். கால் தாளத்துக்குப் போகும், தாளம் உங்கள் திட்டத்தைக் கேட்பதில்லை. பாட்டு வேண்டுமென்றால் பின்பாதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

எண்ணுவது என்ற ஒன்று உண்டு, பலர் இதைக் கேலியாக நினைக்கிறார்கள். 2003 லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 வினாடியில் ஓடிய பவுலா ராட்கிளிஃப், ஓட்டத்தில் காலடிகளை நூறு வரை எண்ணுவார். மூன்று நூறு எண்ணினால் ஏறத்தாழ ஒரு மைல் என்பது அவர் கணக்கு. உலக சாதனைக்கே இது போதுமானதாக இருந்திருக்கிறது. மனம் பதறுபவருக்கு இது குறிப்பாகப் பொருந்தும், ஏனென்றால் எண்ணிக்கையும் கவலையும் ஒரே நேரத்தில் ஓட முடியாது.

இனி நான் முதலிடம் கொடுக்கும் வழி. அது பார்க்க மிகவும் சாதாரணமானது: இது நடந்தால் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே தாளில் எழுதிவைப்பது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் இதை விரிவாக ஆராய்ந்தார். நன்றாக ஓடுவேன் என்பது இலக்கு. அது பதற்றத்தைக் குறைக்காது, சில சமயம் கூட்டும். இன்ன நிலைமை வந்தால் இன்னது செய்வேன் என்பது முடிவு. நிலைமை வரும்போது யோசிக்க வேண்டியதில்லை. மாரத்தானில் யோசிக்கும் திறன்தான் முதலில் தீர்ந்துபோகும் பொருள் என்பதால் இது அங்கே மிகவும் கைகொடுக்கிறது.

தாள் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாலரை மணி நேரத்தைக் குறிவைக்கும் ஒருவர் எண் அட்டையின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் எழுதக்கூடிய நான்கு வரிகள்:

5 கி.மீ. வரை கடிகாரம் 6:35-க்குக் கீழே காட்டினால், காலடியைச் சுருக்கி நூறு எண்ணு.
தெரிந்தவர் தாண்டிப் போனால், கை காட்டு. பின்னால் போகாதே.
வயிறு கலக்கினால், அடுத்த கழிப்பறையில் நில். போன நேரத்தைப் பிடிக்க ஓடாதே.
30-க்கு மேல் நடக்கத் தோன்றினால், அடுத்த தண்ணீர் மேசை வரை ஓடு. அங்கே நட. டம்ளரைப் போட்டதும் ஓடு.

கவனியுங்கள், நான்கில் மூன்று வரிகள் வேகத்தைக் கட்டுப்படுத்துபவை. ஊக்கமூட்டும் வாசகம் எதுவும் இல்லை. இரண்டாவது வரி அற்பமாகத் தெரியலாம். ஆனால் சக ஓட்டக்காரர் ஒருவர் தாண்டிப் போகும்போது பின்னால் இழுத்துக்கொண்டு போகும் கால்களைப் போல ஆபத்தானது முதல் பத்து கிலோமீட்டரில் வேறு இல்லை. எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் புதியவர்களிடம் சொல்வது இது: "தம்பி, மெரினாவில் உன்னை எல்லோரும் தாண்டட்டும். அவர்களை எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே பார்த்துக்கொள்ளலாம்."

எழுதுவதில் இன்னொரு வகையும் உண்டு, அது திட்டம் அல்ல, கொட்டித் தீர்ப்பது. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தங்கள் பயங்களை எழுதச் சொல்லப்பட்ட மாணவர்கள் தேர்வை நன்றாக எழுதினார்கள் என்று ஹெரார்டோ ராமிரேஸும் சியான் பெய்லாக்கும் 2011-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். அதிகமாகப் பயப்படும் மாணவர்களுக்கே பலன் அதிகம். தேர்வு வேறு, ஓட்டம் வேறு. ஆனாலும் தூக்கம் வராமல் புரளும் முந்தைய இரவுக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது. என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறீர்களோ அதை முழு வாக்கியங்களாக எழுதினால், பாதி பயங்களுக்கு அடுத்த வரியில் பதில் இருக்கும். அந்தப் பதில்தான் காலைத் தாளின் வரி. தூக்கம் வரவில்லை என்பதற்காகப் பயப்பட வேண்டாம். இரண்டு மணிக்கு எழ வேண்டியவர் யாரும் அன்றிரவு தூங்குவதில்லை. ஓர் இரவுத் தூக்கம் குறைந்தால் களைப்பு உணர்வு சற்றுக் கூடுமே தவிர மாதக்கணக்கான பயிற்சி கரைந்துவிடாது. ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை என்றால், வெள்ளிக்கிழமை இரவு நன்றாகத் தூங்குங்கள்.

திட்டத்தோடு போட்டி போடக்கூடிய ஒரே வழி, முடிவை வேறு ஒருவரிடம் ஒப்படைத்துவிடுவது. பெரிய ஓட்டங்களில், குறித்த நேரத்தில் முடிக்கும்படி சீரான வேகத்தில் மற்றவர்களை அழைத்துப் போகும் பேஸர்கள் நேரம் எழுதிய கொடியோடு ஓடுகிறார்கள். அவர்களைச் சுற்றி ஓடும் கும்பலை ஓட்டக்காரர்கள் பஸ் என்பார்கள். ஏறிக்கொண்டால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், வேகத்தைத் தீர்மானிக்க வேண்டாம், பேச்சுத் துணையும் உண்டு. உடம்பு பதறுபவர், கடிகாரத்தைப் பார்த்தாலே பதறுபவர், இருட்டில் தனியாக ஓடிப் பழகாதவர் ஆகியோருக்கு இதையே முதலில் சொல்வேன். குறை என்னவென்றால், பேஸரும் மனிதர்தான். முதல் சில கிலோமீட்டரில் அவரும் கூட்டத்தோடு வேகமாகப் போகக்கூடும். அதனால் உங்களுடைய பஸ்ஸில் ஏறாமல், அடுத்துப் பின்னால் வரும் பஸ்ஸில் ஏறுவது புத்திசாலித்தனம். நாலரை மணி நேரம் முடியும் என்று நம்புபவர் 4:45 பஸ்ஸோடு பாதித் தூரம் போய், அங்கே தெம்பு இருந்தால் இறங்கி முன்னால் போகலாம். பின்னாலிருந்து முன்னால் போவது எவ்வளவு இனிமையோ, முன்னாலிருந்து விழுந்து பின்னால் போவது அவ்வளவு கசப்பு.

காபி, மாத்திரை பற்றி இரண்டு வார்த்தை. தினமும் குடிக்கும் ஒரு டம்ளர் ஃபில்டர் காபியை ஓட்ட நாளிலும் குடிக்கலாம். தெம்புக்கென்று இரண்டாவது டம்ளர் படபடப்பையும் கழிப்பறைத் தேவையையும்தான் கூட்டும். மேடையேறும் கலைஞர்கள் சிலர் நடுக்கத்துக்குப் பயன்படுத்தும் ப்ரொப்ரனலால் போன்ற மாத்திரைகளை ஓட்டத்துக்கு முன் தானாக எடுத்துக்கொள்வது முட்டாள்தனம். அவை இதயம் எட்டக்கூடிய வேகத்தையே குறைத்துவிடும், ஓடுவதற்கு வேண்டியது அதுதான். மருத்துவர் வேறு காரணத்துக்காகக் கொடுத்திருந்தால் அது அவரிடம் பேச வேண்டிய விஷயம். முந்தைய இரவு முதல் முறையாகத் தூக்க மாத்திரை சாப்பிடுவதும் இதே கணக்கில் சேரும்.

கடைசியாக, யாரும் ஒரு வழியாகவே எண்ணாதது: தூரத்தைக் குறைத்துக்கொள்வது. பயத்தை எப்போதும் அடக்க வேண்டிய ஒன்றாகவே பேசுகிறோம். சில சமயம் அது உண்மையைச் சொல்கிறது. பயிற்சியில் ஓடிய மிக நீளமான ஓட்டம் இருபத்தைந்து கிலோமீட்டரைக் கூடத் தொடவில்லையா? கடைசி வாரத்தில் காய்ச்சல் வந்ததா? நடையையே மாற்றும் அளவுக்கு ஏதாவது வலி இருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும், படபடப்பை மூச்சு விட்டு அடக்குவது தவறான வைத்தியம். ஓடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்திருந்தால் தூரத்தைக் குறைப்பதும் போதாது. மருத்துவரைப் பார்க்காமல் ஓடவே கூடாது. மற்றபடி, பயிற்சியைக் குறைக்கும் கடைசி இரண்டு வாரங்களில் முழங்காலில், குதிகாலில் புதிது புதிதாக முளைக்கும் குத்தல்கள் வேறு வகை. பெரும்பாலும் அவை ஓடாமல் உட்கார்ந்திருப்பவரின் கவனம் கண்டுபிடிப்பவை. நடந்தால் மறைந்துபோகும் குத்தலை நம்ப வேண்டாம், நடக்க நடக்கக் கூடும் வலியை நம்புங்கள்.

சென்னையில் தூரத்தைக் குறைக்க நினைப்பவருக்கு நடுவில் ஒரு படி இருக்கிறது: 32.186 கிலோமீட்டர், அதாவது இருபது மைல் பிரிவு. சுவர் எழும்பும் இடத்தில் முடிந்துவிடும் தூரம் அது. முதல் முழு மாரத்தானுக்கு முந்தைய வருடம் இதை ஓடுபவர்கள் அடுத்த ஜனவரியில் தொடக்கக் கோட்டில் வேறு முகத்தோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பாதித் தூரத்துக்கு இறங்குவதை அவமானமாக நினைப்பவர்கள் இதை அப்படி நினைப்பதில்லை என்பது இதன் கூடுதல் வசதி. ஆனால் பிரிவை மாற்றிக்கொள்ளக் கெடு தேதி இருக்கும். கடைசி வாரத்தில் முடிவெடுத்தால் பெரும்பாலும் பிந்திவிடும். பதிவு செய்யும்போதே அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அன்று மேற்சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொள்ளலாம்.

யாருக்கு எது என்று என்னைக் கேட்டால்: உடம்பு பதறுபவர் வரிசையில் நிற்கும்போது மூச்சு, கோட்டைத் தாண்டியதும் பஸ். மனம் பதறுபவர் முந்தைய இரவு எழுதிக் கொட்டிவிட்டு, காலையில் நான்கு வரித் தாள், ஓடும்போது எண்ணிக்கை. இரண்டும் சேர்ந்து பதறுபவரே அதிகம். அவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறட்டும். உற்சாகத்தை முப்பதாவது கிலோமீட்டர் வரை யாரும் தொட வேண்டாம். சென்னையில் ஆறரை மணி வாக்கில் சூரியன் எழும். நான்கு மணிக்குக் கிளம்பி 6:24 வேகத்தில் ஓடுபவருக்கு அப்போது இருபத்து மூன்றாவது கிலோமீட்டர் கடந்திருக்கும். மீதி எல்லாம் ஏறும் வெயிலிலும் கடற்கரைப் புழுக்கத்திலும்தான். வெயிலுக்கென்று தாளில் ஐந்தாவது வரி ஒன்றைச் சேர்ப்பதும் நியாயமே: வெயில் வந்ததும் ஒவ்வொரு மேசையிலும் ஒரு டம்ளர் தலைக்கு.

மும்பையில் முதல் முழு மாரத்தான் ஓடப்போகிறவருக்கும் இதே தாள் செல்லும், ஒரு வரி மட்டும் மாறும். அங்கே பெடர் சாலை ஏற்றம் திரும்பி வரும் வழியில், ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில் காத்திருக்கிறது. அங்கே போய் ஓடலாமா நடக்கலாமா என்று தன்னோடு வாதாடுபவர்கள் ஏராளம். முடிவை முந்தைய இரவே எழுதிவிடுங்கள்: ஏற்றம் தொடங்கினால், நடை. உச்சி வந்தால், ஓட்டம்.